பனிக்குள்ளிருந்து வந்த பந்து

"எல்லாக் காலத்துக்கும் சேர்த்து யாரும்மா பெரிய பவுலர்? லாசரஸா, வேங்கடவனா?"

கனகசபை கோத்தகிரி மலையேறி வந்தது இதைக் கேட்கத்தான்.

அவருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. பதில் சொல்ல வேண்டிய தில்லைநாயகிக்கு அவர் மகள் வயது. ஒரு காலத்தில் மாநில அணிக்குப் பந்து வீசியவள். இப்போது தியானம் சொல்லித்தருகிறாள். அவளிடம் உட்கார்ந்து எழுந்தால் மனசு லேசாகிறது என்று வருஷாவருஷம் வந்துகொண்டிருந்தார்.

"எதுக்குக் கேக்கறீங்க?"

"மோசஸ் என்கூடப் பேசறதில்லை."

மோசஸ் பள்ளிக்கூடக் காலத்துத் தோழர். இருவரும் தோளோடு தோள் உட்கார்ந்து பார்க்காத மேட்ச் இல்லை.

லாசரஸ்தான் பெரியவர் என்பது மோசஸின் கட்சி. ஹெல்மெட் இல்லாத காலம். எதிரே நின்றவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான் என்பார். அந்த லாசரஸ் இன்றைக்கு வந்தால் பொடிப்பயல்கள்கூட அடித்துத் துவைத்துவிடுவார்கள், இந்தக் காலத்து வேங்கடவனின் கால்தூசிக்கு ஆகமாட்டார் என்றார் கனகசபை.

டீக்கடையில் தொடங்கிய பேச்சு. மோசஸ் மகள் கல்யாணத்துக்கே கனகசபை போகாமல் இருக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது.

"நீங்க ஒரு தீர்ப்பு சொல்லுங்கம்மா. அதை அவன் முகத்துக்கு நேரா சொல்லிட்டு வந்துடறேன்."

தில்லைநாயகி எழுந்து உள்ளே போனாள். ஒரு மட்டையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

வெளியே புல்வெளி தெரியவில்லை. மரங்கள் தெரியவில்லை. வெள்ளை வெளேரென்று பனி.

அவரை வெளியே கூட்டிப்போய் நிறுத்தி, பின்னால் மூன்று குச்சிகளை ஊன்றினாள்.

"ரெண்டு பேரும் அந்தப் பக்கம் நிக்கறதா நினைச்சுக்குங்க. எந்தப் பந்து யாரோடதுன்னு சொல்லணும்."

நடந்து போய்ப் பனியில் கரைந்தாள்.

ஓடிவரும் காலடி மட்டும் கேட்டது. காதை உரசிக்கொண்டு ஒன்று பறந்தது.

"யாரு?" என்றது பனி.

"லாசரஸ்!"

அடுத்தது வளைந்து வந்து கால்விரலில் விழுந்தது.

"யாரு?"

"ஆ! வேங்கடவன்!"

மூன்றாவது பந்துக்குக் காலடியே கேட்கவில்லை.

வெண்மைக்குள் ஒரு சிவப்புப் புள்ளி. அது வந்ததா, அங்கேயே மிதந்ததா என்று அவருக்குப் புரியவில்லை. இறங்கி வருவதற்கு எந்த அவசரமும் இல்லாததுபோல் இருந்தது. அவர் மூச்சுவிட மறந்தார். கால் தானாக முன்னே நகர்ந்தது. புல்லைத் தொட்ட பந்து, மனசு மாறியதுபோல் மெல்லத் திரும்பியது.

நடுக்குச்சி சாய்ந்தது.

"யாரு?"

கனகசபை திரும்பினார். சாய்ந்த குச்சியைப் பார்த்தார். சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. கண் நிறைந்துவிட்டது.

"ஐயோ, இதை மோசஸ் பாத்திருக்கணுமே!"

பனிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அப்புறம் ஏன் இங்கேயே நிக்கறீங்க?"