எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறிய வண்டி

இந்தப் புதிருக்கு மூளை அதிகம் வேண்டாம், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டால் போதும். வக்கீல்கள் இரண்டு பேர் தங்கள் கண்ணெதிரிலேயே இருந்ததைக் கோட்டை விட்டார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது.

தோவாளைச் சந்தையில் பூ எடுத்து, கல்யாண வீடுகளுக்கு மாலை கட்டிக் கொடுப்பவள் இசக்கித்தாய். வாடகை வண்டிக்காரர்களை நம்பிச் சலித்துப்போய், தானே ஓட்டக் கற்றுக்கொண்டு, நாகர்கோவில் ஷோரூம் ஒன்றில் புதிதாக ஒரு லோடு வண்டி வாங்கினாள்.

ஷோரூம் வாசலிலேயே பூஜை. சந்தனம், குங்குமம், கண்ணாடிக்கு மேலே சின்னதாக ஓர் அம்மன் படம், சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம். இசக்கித்தாய் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். வண்டி லேசாகக் கனைத்துவிட்டு அமைதியாகிவிட்டது. மறுபடி திருப்பினாள். அதே கனைப்புதான். ராகு காலமோ நெருங்கிக்கொண்டிருந்தது. பழம் நசுங்காமல் புது வண்டி வீட்டுக்குப் போகலாமா? தம்பி மாடசாமி, சொந்தக்காரர்கள், ஷோரூம் மேலாளர் ஜெபசிங் என்று எல்லோரும் பின்னால் போய்க் கை கொடுத்தார்கள். அந்தக் கலகலப்பில் ஒருவர் போட்டோகூட எடுத்தார். பழம் நசுங்கியது, கைதட்டினார்கள். சற்றுப் பொறுத்து வண்டியும் மனசு மாறிக் கிளம்பியது.

"மொத நாளே மக்கர் பண்ணிச்சுன்னு யார்கிட்டயும் வாயத் தொறக்காத, கேட்டியா? நம்ம வாயால சொன்னா வெளங்காது" என்றாள் அவள் மாமியார். இசக்கித்தாய் வாயைத் திறக்கவில்லை; வண்டி அப்புறம் கிளம்பிவிட்டதால் மாடசாமியும் அதைப் பெரிதாக எண்ணாமல் மறந்துபோனான். நல்ல காரியத்தில் நடந்த சறுக்கலை நம்மில் யார்தான் வெளியே சொல்கிறோம்?

அன்று சாயங்காலம் மாடசாமி ஆசை ஆசையாக அம்மன் படத்தைச் சுற்றி சீரியல் பல்பு மாட்டினான். மின்சாரத்தை வண்டியின் வயரிலிருந்தே எடுத்தான்.

அதற்குப் பிறகு வண்டி நினைத்தால் ஓடும், நினைத்தால் நிற்கும். ஷோரூமில் விட்டால் சரிசெய்து தருவார்கள், வீடு வந்ததும் பழைய கதைதான். ஒரு முகூர்த்தத்தன்று மணமக்களின் மாலையோடு நடு வழியில் நின்றது. மாலை வந்து சேர்வதற்குள் பெண்ணின் அப்பா வேறு எங்கிருந்தோ மாலை வாங்கித் தாலி கட்டும் நேரத்தைக் காப்பாற்றிக்கொண்டார். அதோடு கல்யாண வீட்டுக்காரர்கள் இசக்கித்தாயைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அவளுடைய பிழைப்பே அந்த வண்டிக்குள் மாட்டிக்கொண்டது. வேறு வண்டி தரச் சொல்லி, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாள்.

ஆணையத்தின் தலைவர் தமயந்தி. வண்டியைப் பரிசோதித்த பொறியாளர், வயரிங்கில் கோளாறு இருப்பது உண்மை, அது பிறந்தபோதே வந்ததா, பிறகு வந்ததா என்று சொல்ல முடியாது என்று கையை விரித்துவிட்டார்.

வண்டி செய்த கம்பெனியின் வக்கீல், "இவர் வியாபாரி. வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோரே இல்லை, இங்கே வரக் கூடாது" என்றார்.

ஷோரூம் வக்கீல், "வெளி ஆள் வயரில் கை வைத்த அன்றே வாரண்டி போய்விட்டது" என்றார்.

இதைக் கேட்டதும் மாடசாமி எழுந்தான். பாவம், பல நாளாக அவனுக்குத் தூக்கமில்லை.

"அம்மா, தப்பு எம்மேலதான். அந்த பல்ப மாட்டாம இருந்திருந்தா வண்டிக்கு ஒண்ணும் ஆயிருக்காது. எக்கா, கேச விட்டுரு" என்று கண் கலங்கினான்.

இசக்கித்தாய் தலை குனிந்தாள். அப்போதும் பூஜை நாள் விஷயம் அவள் வாயில் வரவில்லை.

ஜெயித்துவிட்டதாக நினைத்த உற்சாகத்தில் ஜெபசிங், ஷோரூம் சுவரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்திருந்த பூஜை நாள் போட்டோவை எடுத்து நீட்டினார். "எவ்வளவு சந்தோசமா வாங்கிட்டுப் போனாவ, நீங்களே பாருங்கம்மா! நானும் கூட நிக்கேன்."

படத்தில் இசக்கித்தாய் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிரிக்கிறாள். அவள் தலைக்கு மேலே அம்மன் படம், அதில் ஒரு முழம் பூ, வேறு ஒன்றுமில்லை. முன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் முழுசாக இருக்கிறது. வண்டிக்குப் பின்னால் உறவினர் கூட்டம், நடுவில் சட்டைக் கையை மடித்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு காலைப் பின்னால் ஊன்றி ஜெபசிங்.

தமயந்தி படத்தை வெகு நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "நீங்க கூட நிக்கலையே சார். என்ன பண்றீங்க?"

ஜெபசிங் அவசரமாகப் படத்தைத் திரும்ப வாங்கக் கை நீட்டினார். இனி நீங்கள் சொல்லுங்கள். வக்கீல்கள் இருவர், மாடசாமி, இந்த மூவரில் யார் சொன்னது நின்றது? இசக்கித்தாய்க்கு வேறு வண்டி கிடைத்ததா?

விடை: மூவர் சொன்னதும் நிற்கவில்லை. கூட நிற்பவர் காலை ஊன்றிப் பல்லைக் கடிக்க மாட்டார். தள்ளுகிறவர்தான் அப்படிச் செய்வார். பழம் நசுங்குவதற்கு முன்பே வண்டியைத் தள்ள வேண்டியிருந்தது, அப்போது அம்மனைச் சுற்றி பல்பு இல்லை. ஆக, கோளாறு மாடசாமியின் கை படும் முன்பே இருந்தது. தன் பிழைப்புக்காக வாங்கித் தானே ஓட்டுகிறவளைச் சட்டம் நுகர்வோராகத்தான் பார்க்கிறது, அதனால் கம்பெனியின் வாதமும் விழுந்தது. கம்பெனியும் ஷோரூமும் சேர்ந்து வேறு புது வண்டி தர வேண்டும் என்று உத்தரவாயிற்று. அந்த வண்டியின் பூஜைக்கு ஜெபசிங்கும் வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளியே நின்றார். மாடசாமி அம்மனுக்கு ஒரு முழம் பிச்சிப்பூ சாத்தியதோடு இறங்கிக்கொண்டான். இசக்கித்தாய் சாவியைத் திருப்பினாள். யாரும் கை கொடுக்காமலே வண்டி பழத்தின் மேல் ஏறி இறங்கியது.