நுனி இலை கேட்ட மந்திரிசபை

புளியரை சுடலைமணி அண்ணாச்சி வீட்டுல பொண்ணுக்குக் கல்யாணம்னு காதுல விழுந்ததும் சமையல் பேசக் கிளம்பிட்டேன். யாரும் கூப்பிடல. நானாத்தான் போனேன். எம் பேரு குத்தாலிங்கம், தென்காசிக்காரன். போன முகூர்த்தத்துல ஒரு வீட்டுல கேசரி கிண்டுனேன். பந்தியில அதைப் பொங்கல்னு நெனச்சு சாம்பார் கேட்டாவ. அதுல இருந்து ஒரு பய கூப்பிடல. வீட்டு அடுப்புல பூனை தூங்குது. இந்தக் கல்யாணமும் கெடைக்கலன்னா எங்கிட்ட இருக்க மூணு ஆளும் பரோட்டா கடைக்குப் போயிருவானுவ.

சுடலைமணி அண்ணாச்சி சாய்வு நாற்காலியில இருந்தாவ. அவுக வீட்டுக்கார அம்மா வடிவு தாயி அரிசி புடைச்சிக்கிட்டு இருந்தாவ. பக்கத்துல தாயியோட அண்ணன் பேச்சிமுத்து, ரிட்டயர்டு பஸ் கண்டக்டரு. சில்லறை இல்லன்னா மனுசனையே நம்பாத ஆளு.

"பெரிய பந்தி ஏதும் போட்டிருக்கீரா வே?"ன்னு அவருதான் ஆரம்பிச்சாரு.

ஏதோ கைக்கு வந்ததைச் செய்யுதேன்னு சொல்லியிருக்கணும். வாய் சும்மா கெடக்குமா? "மந்திரிசபையே போட்டிருக்கேன் அண்ணாச்சி"ன்னுட்டேன்.

"எந்த மந்திரிசபை?"

"கூட்டணி மந்திரிசபை. பதினோரு கட்சி."

"எப்ப?"

"அதைச் சொல்லப்படாது. ரகசியக் காப்புப் பிரமாணம் எடுத்திருக்கேன்."

சொல்லிட்டேன். இனிமே பின்வாங்க முடியுமா? எடுத்து விட்டேன்.

எலெக்‌ஷன்ல யாருக்கும் மெஜாரிட்டி இல்ல. எம்.எல்.ஏ.மாரைக் கட்சி மாறவிடாமப் பத்திரமா வைக்கணும்னு குத்தாலத்துல ஒரு பெரிய விடுதியில அடைச்சாவ. பூட்டும் சாவியும் அவுகளே கொண்டாந்துட்டாவ. சோத்துக்குத்தான் என்னையக் கூப்பிட்டாவ. மொத நாளு சொதி வச்சேன். தேங்காய்ப்பால் கொதிச்ச வாசம் கொடைக்கானலுக்குப் போயிருச்சு. எதிரணி எம்.எல்.ஏ.மாரை அங்கதான் அடைச்சு வச்சிருந்தாவ. அதுல பாதிப் பேரு சுவரேறிக் குதிச்சு, கையில இலையோட நம்ம வாசல்ல வரிசையா வந்து நிக்காவ. மெஜாரிட்டி வந்துருச்சு.

"கொடைக்கானலுக்கும் குத்தாலத்துக்கும் எத்தனை மைல்னு தெரியுமாவே? நான் டிக்கெட் கிழிச்ச ரூட்டு"ன்னாரு பேச்சிமுத்து.

"நீங்க பஸ்ஸுல போனீய. வாசம் ஊரு ஊரா நின்னு ஆளு ஏத்திக்கிட்டா வரும்?"

சுடலைமணி அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்துருச்சு. நமக்கு அது போதாதா?

அடுத்து வந்துது பாருங்க வம்பு. பதினோரு தலைவருக்கும் நுனி இலைதான் வேணுமாம். நறுக்குன நடு ஏடு போட்டா மரியாதைக் குறைச்சலாம். சரி, பதினோரு நுனி இலை வெட்டிப் போட்டேன். எவன் நுனி நீளம்னு ஸ்கேல் வச்சு அளக்கானுவ. செங்கோட்டைக்கு மேல ஒரு தோப்புக்குப் போயி ஒரே இலையில பதினோரு நுனி இருக்கதை வெட்டிக்கிட்டு வந்தேன்.

"ஒரு இலையில எப்படி அண்ணாச்சி பதினோரு நுனி?" வடிவு தாயி மொத தடவையா வாயத் தொறந்தாவ.

"கூட்டணிக்குன்னே வளத்த வாழை தாயி. ஒவ்வொரு நரம்பும் தன் இஷ்டத்துக்குப் போகும்."

உக்காந்ததும் இலாகாச் சண்டை. எங்க வீட்டுல டி.வி. ரிமோட்டு யாரு கையில இருக்கணும்னு சொல்ல எனக்கு அதிகாரம் கெடையாது. கேட்டா வீட்டுக்காரி கரண்டியைத்தான் கையில குடுப்பா. அப்பேர்ப்பட்டவன் அங்க நின்னு மந்திரிசபை பிரிக்கேன். எப்படின்னா, சாப்பிடுத அழகைப் பாத்துத்தான். தன் இலையில வடை இருக்க பக்கத்து இலை வடையை எண்ணுனவருக்கு நிதி. கூட்டு, பொரியல், பச்சடி எல்லாத்தையும் ஒண்ணாக் குழைச்சு மேடு தட்டுனவருக்குப் பொதுப்பணி. அப்பளத்தை இலைக்கு அடியில புதைச்சவருக்குக் கனிமவளம். ரசம் எங்கன்னு கேட்டவன்கிட்ட "இந்தா வந்துரும், இந்தா வந்துரும்"னு சமாளிச்ச ஒருத்தரு இருந்தாரு, அவருக்கு மின்சாரம்.

"அது சரியாத்தான் இருக்கு"ன்னாரு சுடலைமணி அண்ணாச்சி. அவுக வீட்டுல அன்னிக்குக் காலையில இருந்து கரண்டு இல்ல.

இப்பத்தான் கதையே. ஒத்த எம்.எல்.ஏ. கட்சித் தலைவரு ஒருத்தரு, பாவம், கடைசியில உக்காந்திருந்தாரு. அவரு ஒருத்தரு போனா மெஜாரிட்டி போச்சு. சாப்பிட்டு முடிச்சவரு இலையை மடிக்காரு. எப்படி? நம்ம பக்கமா மடிச்சா உறவு நீடிக்கும். அவரு எதிர்ப்பக்கமா மடிச்சிட்டாரு! எழவு வீட்டுல மடிக்க மாதிரி. பந்தி அப்படியே உறைஞ்சு போச்சு. டி.வி.க்காரன் இலைய மட்டும் பெருசாக் காட்டி 'ஆதரவு வாபஸ்'னு போட்டுட்டான். முதலமைச்சரா வரப்போறவரு மோர் தம்ளருக்குள்ளயே மயங்கிட்டாரு.

"வேணும்னுதான் மடிச்சானா?" பேச்சிமுத்து நாற்காலி நுனிக்கு வந்துட்டாரு.

"அட, இல்ல அண்ணாச்சி. மனுசன் காலையில ஒரு கருமாதி வீட்டுல சாப்பிட்டு வந்திருக்காரு. கை அந்தப் பழக்கத்துலயே போயிருச்சு. அதை வெளிய சொன்னா யாரு நம்புவா?"

ஓடுனேன். மடிச்ச இலையை வெடுக்குன்னு விரிச்சு, ஒரு வாளிப் பாயாசத்தையும் அதுல கவுத்தேன். "இன்னும் பந்தி முடியல சாமி!"ன்னேன். அவரு கை வழிச்ச வேகத்துல இலையில இருந்த பச்சையே போயிருச்சு. அப்புறம் நம்ம பக்கமா மடிச்சாரு. ஆட்சி பொழைச்சுது. தலைவருமாரு பதினோரு பேரும் என் கையப் பிடிச்சிக்கிட்டு, "எங்கள்ல யாரு உக்காந்தாலும் சண்டை வரும், நீரே முதலமைச்சரா இரும்"ன்னாவ. கவர்னரே ஒரு கையில ரசத் தம்ளரும் ஒரு கையில பிரமாணமுமா நிக்காரு. நான் வாயத் தொறக்கேன், உள்ள அடுப்புல ரெண்டாம் ரசம் நுரை கட்டுத சத்தம் கேக்கு. இறக்காம விட முடியுமா? ஓடிப்போயி இறக்கிட்டு வந்து பாக்கேன், நாற்காலியில வேற ஆளு. நான் போறதுக்குள்ள ரசமும் பொங்கிப் போச்சு. என் ராசி அப்படி.

சொல்லி முடிச்சுப் பாத்தா வடிவு தாயி முறத்தைக் கீழ வச்சிட்டாவ. எந்திரிச்சு உள்ள போயி, வெத்தலை பாக்குத் தட்டோட வாராவ. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. வேலை கெடைச்சிருச்சுன்னு நெனச்சிட்டேன்.

"அண்ணாச்சி, சமையலுக்குச் செங்கோட்டைக்காரரைச் சொல்லியாச்சு. ஆசையா வந்த மனுசர்கிட்ட எப்படிச் சொல்லன்னுதான் இருந்தேன்"ன்னாவ.

துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு எந்திரிச்சேன்.

"ஆனா பந்தி விசாரிக்கத்தான் ஆளு இல்லாமத் தவிக்கோம். மாப்பிள்ளைக்கு மூணு பெரியப்பா, ஒருத்தருக்கு ஒருத்தரு பேச்சு கெடையாது. பெரிய தாய்மாமன் நிச்சயத்துலயே பாதிச் சோத்துல எந்திரிச்ச ஆளு. அத்தை ஒருத்தி இருக்கா, அவளைப் பத்திச் சொல்லவே வேண்டாம். இவுக எல்லாரையும் ஒரே பந்தியில உக்கார வைக்கணும், எவரும் மூஞ்சியத் தூக்காம அனுப்பணும். சம்பளம் சமையலுக்குக் குடுக்கதையே குடுத்திருதோம். பதினோரு கட்சியக் கட்டி மேச்ச உங்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?"

கை தட்டுப் பக்கம் போயிருச்சு. எடுத்திருந்தா அடுப்புல இருந்து பூனை எந்திரிச்சிருக்கும். அந்நேரம் பாத்து பேச்சிமுத்து கேட்டாரு, "ஆமா, அந்த மந்திரிசபை எத்தனை நாளு வே நின்னுச்சு?"

கலியாண வீட்டு வெத்தலைய முன்னால வச்சிக்கிட்டுப் பொய் சொல்ல எனக்கு வாய் வரல.

"கை கழுவப் போறவரைக்கும் அண்ணாச்சி. பதினோரு பேருக்கும் அங்க குழாய் ஒண்ணுதான் இருந்துது."

தட்டு உள்ள போயிருச்சு.