பெண் பார்க்கப் போன ரோஸ் கல்

மடையர்களைப் பற்றிக் கதை சொல்கிறவர்கள் எப்போதும் அடுத்த ஊர்க்காரனைத்தான் இழுப்பார்கள். எனக்கு அந்தச் சிரமம் கிடையாது. இந்தக் கதையில் வருகிற மடையர்கள் நாலு பேர், அதில் தலைமைப் பொறுப்பே என்னுடையதுதான். பேர் பிச்சைக்கனி. மற்ற மூணு பேர் ஆதிமூலம், சொரிமுத்து, லிங்கதுரை. நாங்கள் எல்லாரும் வாழைக்காய் மண்டியில் தார் இறக்குகிறவர்கள். ஒருத்தன் ஒரு யோசனை சொன்னால் மற்ற மூணு பேரும் மறுக்க மாட்டோம். எங்கள் ஒற்றுமையும் அதுதான், எங்கள் நாசமும் அதுதான்.

நாற்பதை நெருங்கியும் எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வெளியே சிரித்துக்கொண்டு திரிந்தேனே தவிர உள்ளுக்குள் அழுகையாகத்தான் இருந்தது. பார்க்கப் போன வீட்டிலெல்லாம் காப்பி கொடுத்ததோடு சரி. கடைசியாகத் தரகர் ஒரு போட்டோவைக் கொண்டுவந்தார். பெண் பேர் தங்கபுஷ்பம், சொந்தமாகத் தையல்கடை வைத்திருக்கிறாள். போட்டோவைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. “இதுவும் தட்டிப்போச்சுன்னா என்னைய விட்டுரு” என்று தரகர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

அந்தச் சமயம் பார்த்து ஊரில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். ஒரு கடையில் பளபளவென்று தேய்த்த கற்களாக அடுக்கி வைத்திருந்தார்கள். டை கட்டின ஒருத்தர், பச்சைக் கல் வைத்தால் வருமானம், கறுப்புக் கல் வைத்தால் திருஷ்டி கழியும், ரோஸ் கல் வைத்தால் கல்யாணம் என்றார்.

“ரோஸ் கல்லுக்கு அப்படி என்ன சார் சக்தி?” என்று சொரிமுத்து கேட்டான்.

“பூமிக்கு அடியில கோடி வருஷம் தனியா தவம் இருந்திருக்கு” என்றார் அவர்.

கோடி வருஷமாகத் தனியாகக் கிடந்ததற்கே கல்யாணம் ஆகவில்லையே என்று யாராவது கேட்டிருக்கலாம். எங்களுக்குத் தோன்றவில்லை. லிங்கதுரை மட்டும், “பாவம், சாப்பாட்டுக்கு என்ன செஞ்சுதோ” என்று வருத்தப்பட்டான்.

கொழுக்கட்டையைவிடச் சின்னதாக, உருண்டையாக ஒரு ரோஸ் கல்லைப் பொறுக்கிக் கொடுத்தார். கொடுக்கும்போதே மூன்று விஷயம் சொன்னார். கல்மேல் வெயில் படக்கூடாது. போகிற வீட்டுக்குள் கல்தான் முதலில் நுழைய வேண்டும். கல்யாணப் பேச்சைக் கல்லிடம் மட்டும்தான் சொல்ல வேண்டும், வேறு யாரிடம் வாயைத் திறந்தாலும் பலன் போய்விடும்.

பெண் பார்க்கப் போன அன்று நல்ல வெயில். தரகருக்கு வேறு ஜோலி, எங்களையே போய்ப் பேசிக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஆதிமூலம் வெற்றிலைத் தட்டில் கல்லை ஏந்திக்கொண்டான். சொரிமுத்து அதற்குக் குடை பிடித்தான். நானும் லிங்கதுரையும் வேர்வையில் நனைந்துகொண்டே பின்னால் நடந்தோம். என் புதுச் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

வாசலில் ஆதிமூலம் நின்றுவிட்டான்.

“நல்ல காரியத்துக்கு வந்திருக்கோம். கல்லு வலது காலை எடுத்து வச்சுல்லா உள்ள போகணும்.”

“கல்லுக்கு ஏதுல காலு?” என்றான் சொரிமுத்து.

“காலு இல்லன்னா என்ன, வலது பக்கம்னு ஒண்ணு இருக்கும்லா. அதை முதல்ல உள்ள விடுவோம்.”

“வலது பக்கம் தெரியணும்னா மூஞ்சி எதுன்னு தெரியணும்.”

“வழவழன்னு இருக்கிறதுதான் மூஞ்சி.”

“சுத்தி எல்லாமே வழவழன்னுதானல இருக்கு.”

கடைசியில் லிங்கதுரைதான் ஒரு வழி சொன்னான். உருட்டிவிட்டால் எல்லாப் பக்கமும் உள்ளே போய்விடும், வலது பக்கமும் அதில் அடக்கம். எங்களுக்கு அவன் மூளையை நினைத்து மலைப்பாக இருந்தது. உருட்டிவிட்டோம். கல் கூடத்தைத் தாண்டி, பெண்ணின் அப்பா பால்வண்ணம் அண்ணாச்சி உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு அடியில் போய் நின்றது. நாங்கள் நாலு பேரும் அதன் பின்னாலேயே தவழ்ந்து போனோம். அண்ணாச்சி காலை மேலே தூக்கிக்கொண்டார்.

“எந்திரிங்க தம்பி. என்ன விஷயமா வந்திருக்கீய?” என்றார். தெரிந்தாலும் கேட்பதுதானே மரியாதை.

நாங்கள் சொல்ல முடியுமா? “சும்மா இந்தப் பக்கம் வந்தோம் அண்ணாச்சி. மழையே இல்ல” என்றான் ஆதிமூலம்.

“ஆமா, இல்ல.”

“போன வருசமும் இல்ல.”

“அது கிடக்கட்டும். உங்கள்ல மாப்பிள்ளை யாரு?”

சொரிமுத்து பதறிப்போய்ப் பாய்ந்து வாயைப் பொத்தினான். அவன் வாயை அல்ல, அண்ணாச்சி வாயை.

இனிமேலும் பேசாமல் இருந்தால் காரியம் கெட்டுப்போகும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. கல்லை ஒரு ஸ்டூல் மேல் வைத்து, அதற்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தேன். “கல்லே, மாப்பிள்ளை நான்தான். பேரு பிச்சைக்கனி, மண்டியில வேலை. எனக்கு இந்தப் பிள்ளைய ரொம்பப் பிடிச்சிருக்கு. வேற ஒண்ணும் சொல்லத் தெரியல” என்றேன். நிமிர்ந்தால் காப்பித் தட்டோடு தங்கபுஷ்பம் நிற்கிறாள்.

தொலைந்தது என்று நினைத்தேன். அவள் தட்டை வைத்துவிட்டு ஸ்டூலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

“கல்லே, இவிய குடிப்பாவளான்னு கேளு.”

“கல்லே, காப்பி மட்டும்தான்னு சொல்லு.”

“கோவம் வருமான்னு கேளு.”

“கல்லே, கோவம் வரும். ஆனா எதுக்கு வந்துச்சுன்னு மறந்துபோயிரும்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கல்லே, எனக்குச் சம்மதம்னு இவியகிட்ட சொல்லிரு” என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அண்ணாச்சி சந்தோஷமாக லட்டுத் தட்டை நீட்டினார். நாங்கள் யாரும் தொடவில்லை. கல்லையே பார்த்துக்கொண்டிருந்தோம். காப்பி ஆறிப்போனது. கல் வாயைத் திறக்கவில்லை.

“சரி அண்ணாச்சி, நாங்க வாரோம். கல்லு ஏதாவது சொல்லிச்சுன்னா தகவல் அனுப்புதோம்” என்று ஆதிமூலம் எழுந்தான்.

“அதான் பிள்ளை சம்மதம்னு சொல்லிட்டால்லா வே.”

“கல்லுகிட்டல்லா சொல்லிச்சு. நாங்க அடுத்தவங்க பேச்ச ஒட்டுக் கேக்குற ஆள் இல்ல அண்ணாச்சி.”

எனக்கு அவனை நினைத்துப் பெருமையாக இருந்தது. அண்ணாச்சி ஏனோ தலையில் கை வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து கல்லை டிவி மேல் வைத்துக் காவல் இருந்தோம். ஒன்றும் சொல்லவில்லை. ரெண்டு நாள் கழித்துத் தங்கபுஷ்பமே போன் பண்ணினாள்.

“என்ன முடிவு பண்ணியிருக்கீய?”

எனக்குச் சம்மதம், சம்மதம் என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் பலன் போய்விடுமே. “மழையே இல்ல” என்றேன்.

“போனைக் கல்லுகிட்ட குடுங்க” என்றாள்.

போனை ஸ்பீக்கரில் போட்டுக் கல்லை ஒட்டி வைத்துவிட்டு, நாங்கள் நாலு பேரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். பெரியவர்கள் பேசும்போது பக்கத்தில் நிற்கக்கூடாது.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் போன் வருகிறது. நான் எடுத்துக் கல்லிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுவேன். உள்ளே அவள் சிரிக்கிற சத்தம் கேட்கும். அண்ணாச்சி மண்டபம் பிடித்துவிட்டதாக மண்டியில் பேசிக்கொள்கிறார்கள். தை மாசம் முகூர்த்தமாம். மாப்பிள்ளை யாரென்று மட்டும் எங்களுக்கு இன்னும் சேதி வரவில்லை.

“தினமும் அவ்வளவு நேரம் பேசுறது கல்லுதானல. அதுக்கும் ஆசை இருக்கும்லா” என்றான் சொரிமுத்து. அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவே இல்லை.

ஆனாலும் நாள் நெருங்குகிறதே என்று ஜவுளிக்கடைக்குப் போனோம். பட்டு வேட்டி கேட்டோம்.

“மாப்பிள்ளை என்ன உயரம்?” என்று கடைக்காரர் கேட்டார்.

நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். ஆதிமூலம் என்னை முன்னால் தள்ளிவிட்டான். பிறகு மடியிலிருந்து கல்லை எடுத்து மேஜைமேல் வைத்தான். “எதுக்கும் இவருக்கும் ஒண்ணு பாத்துக்கிடுங்க” என்றான்.

கடைக்காரர் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இவருக்கு ஒரு கைக்குட்டை போதும்” என்றார்.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. “அவரே மாப்பிள்ளையாகிப்போனா கைக்குட்டை மரியாதைக் குறைச்சல்லா அண்ணாச்சி. எனக்கு எடுக்குற வேட்டியிலேயே அவருக்கும் கிழிச்சுக் குடுத்துருங்க” என்றேன்.