குளத்துக்கு வந்த மலேரியா

கோணமங்கலத்து ஆட்களுக்குக் கடவுள் நல்ல மனசைத் தாராளமாய்க் கொடுத்தார். மிச்சத்தை அப்புறம் கொடுக்கலாம் என்று வைத்தவர், மறந்துவிட்டார் போல.

அந்த ஊர் மருதையனுக்கு ஒரே கவலை. மகள் செண்பகத்துக்கு ஆவணியில் கல்யாணம். ஊரில் மலேரியா பரவவே, "காய்ச்சல் நிற்காமல் உங்கள் ஊரில் கால் வைக்க மாட்டோம்" என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள்.

ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்தார். சாவடிச் சுவரில் ஊரின் வரைபடத்தை மாட்டினார். ஒரு கட்டு கொசுவலையும் கொடுத்தார்.

"காய்ச்சல் வந்த வீட்டுக்கு நேரா, படத்துல ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டுங்க. நோய் எந்தப் பக்கம் நகருதுன்னு தெரிஞ்சிரும். நோயாளியைக் கொசுவலைக்குள்ளதான் படுக்க வைக்கணும்" என்று மருதையனிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போனார்.

பொட்டுகள் தெற்குத் தெருவில் தொடங்கி நடுத்தெருவுக்கு வந்தன.

"வடக்கே நம்ம தெருவுக்குத்தான் வருது மாமா" என்றான் அக்கா மகன் சடையப்பன்.

"அப்ப தெற்குத் தெருவை விட்டுக் கிளம்பிருச்சுல்ல? நாம அங்கே போயிருவோம்."

வடக்குத் தெரு மொத்தமும் பாய் தலையணையோடு தெற்குத் தெருவில் போய் இறங்கியது. பத்தே நாளில் போனவர்களில் பாதிப் பேருக்குக் காய்ச்சல்.

சாவடியில் கூட்டம் போட்டார்கள்.

"பொட்டு இருக்கிற வீட்டுல காய்ச்சல் இருக்கு. இல்லாத வீட்டுல இல்லை. கவனிச்சீங்களா மாமா?"

மருதையன் படத்தை உற்றுப் பார்த்தார். சடையப்பன் சொல்வது வாஸ்தவம்தான்.

"அப்ப பொட்டை உரிச்சிருவோம்."

"உரிச்சதை எங்கே போடுவீங்க? மிதிச்சவனுக்கு வந்துட்டா?" என்றார் பூசாரி பொன்னுக்காளை. அதுவும் நியாயம்தானே. வெற்றிலை ஒரு சுற்று வந்தது.

"ஆளில்லாத இடமாப் பார்த்து ஒட்டிருவோம்" என்றார் மருதையன்.

படத்தில் ஆளில்லாத இடம் ஊர்நடுவே இருந்த சின்னக் குளம்தான். நாற்பத்தேழு பொட்டும் குளத்தில் இறங்கின. தன் வீட்டுப் பொட்டை மருதையன் கடைசியாக ஒட்டும்போது பல்லோடு பல் அடித்துக்கொண்டது.

"நடுங்குறீங்களே மாமா."

"நானா? என் பொட்டுதான் குளத்துல இருக்கே, எனக்கெப்படிடா நடுங்கும்?"

மாதக் கடைசியில் இன்ஸ்பெக்டர் வந்தார். படத்தைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஊருக்குள்ள ஒருத்தருக்கும் இல்லையா?"

"அம்மன் புண்ணியத்துல இல்லைங்க. குளத்துக்கு மட்டும்தான்."

குளக்கரைக்கு ஓடினார் அவர். சுற்றிலும் மூங்கில் நட்டு, கொடுத்த வலைகளையெல்லாம் ஒன்றாய்த் தைத்துக் குளத்தின்மேல் கட்டியிருந்தார்கள். படியில் உட்கார்ந்து சடையப்பன் குளத்துக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தான்.

"நேத்து வரைக்கும் ஒண்ணுமே இறங்கலைங்க. இன்னிக்குத்தான் ஒரு சட்டி குடிச்சிருக்கு."

மருதையன் உச்சி வெயிலில் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இன்ஸ்பெக்டரிடம் கல்யாணப் பத்திரிகையைப் பணிவாக நீட்டினார்.

"மாப்பிள்ளை வீட்ல கேட்டா நீங்கதான் ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லணும் ஐயா. ஊர்ல எல்லாருக்கும் பத்திரிகை வச்சாச்சு. குளத்துக்கு மட்டும் வைக்கலைங்க."