சாணி போடாத மாடுகள்

சாண எரிவாயு தயாரிக்கப் போவதாகச் சொல்லி மோகனரங்கம் ஊர் மேய்ச்சல் நிலத்தில் பாதிக்கு வேலி போட்டிருந்தார். உள்ளே ஒரு தொட்டியைக் கட்டிப் பச்சை பெயின்ட் அடித்ததோடு சரி. முதலீடு செய்யச் சென்னையிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்றதும், ஊரில் மாடு மேய்க்கும் வேலாத்தாளின் மாடுகளை வாடகைக்குப் பேசி லாரியில் ஏற்றிவந்து கட்டினார். தொட்டிக்குப் பக்கத்தில் ஓர் அடுப்பையும் வைத்தார்.

“யார் கேட்டாலும் இது கம்பெனி மாடு, இதுங்க சாணியிலதான் அடுப்பு எரியுதுன்னு சொல்லணும். மாத்திச் சொன்னே, மிச்சமிருக்கிற நிலத்துலயும் உன் மாடு மேயாது.”

“சரிங்க முதலாளி” என்றாள் வேலாத்தாள்.

வந்தவர்களுக்கு அந்த அடுப்பிலேயே டீ போட்டுக் கொடுத்தார்கள். அவர்களில் மைதிலி என்ற அதிகாரி டீயும் கையுமாக மாடுகளிடம் வந்தார். வேலாத்தாள் காலிக் கூடையோடு நின்றிருந்தாள்.

“இது யார் மாடும்மா?”

“கம்பெனி மாடுங்க. இதுங்க சாணியிலதான் அடுப்பு எரியுது.”

“அப்புறம் ஏன் கவலையா நிக்கறீங்க?”

“காலைல லாரியை விட்டு இறங்குனதுலருந்து ஒண்ணுகூடச் சாணி போடலைங்க. அடுப்பு அணைஞ்சுடுமோன்னு பயமா இருக்கு.”

மைதிலி கையிலிருந்த டீயைப் பார்த்தார். பிறகு அடுப்பின் குழாய் போன வழியே நடந்தார். அது தொட்டிக்குப் போகவில்லை; சுவருக்குப் பின்னால் கேஸ் சிலிண்டர் இருந்தது. வந்த கார்கள் அப்படியே திரும்பிப் போயின.

மோகனரங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். “நான் என்ன சொன்னேன், நீ என்ன பண்ணினே?”

“நீங்க சொன்னதைத்தானுங்க சொன்னேன்.”

அந்த நேரம் பார்த்து ஒரு மாடு வாலைத் தூக்கியது. வேலாத்தாள் கூடையைப் பிடித்து, நிறைந்ததும் அவரிடம் நீட்டினாள்.

“இந்தாங்க முதலாளி, இப்ப அடுப்பைப் பத்த வைங்க.”