அரசியின் வகிடு

“நம்ம அரசியம்மா வகிட்டைப் பார்த்தியாடி? அதில தேரே ஓட்டலாம்!”

“மெல்லப் பேசுடி, பாவி. அந்தத் தேர் நம்ம கழுத்து மேல ஏறிடப் போகுது.”

பிறகு ஒரு சிரிப்பு. பிறகு பாத்திரம் தேய்க்கும் சத்தம்.

அவ்வளவுதான். முல்லைப் பந்தலுக்கு இந்தப் பக்கம் பூப்பறித்துக்கொண்டிருந்த அரசியின் காதில் அது விழாமல் போயிருந்தால், உங்களுக்குச் சொல்ல என்னிடம் இந்தக் கதையே இருந்திருக்காது.

மலைகளுக்கு மனிதர்கள் இன்னும் பெயர் வைத்து முடிக்காத காலம் அது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆற்றங்கரையில் தாழைவாய் என்று ஒரு சின்ன நாடு இருந்தது. கோட்டையின் கிழக்கு வாசலில் நின்று கூப்பிட்டால் மேற்கு வாசலில் கேட்கும். அவ்வளவு சின்ன நாடு. அதன் அரசி கோமளவல்லி.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே பிறையில் பிறந்த பெண்கள் எல்லோரும் பிறைத்தோழிகள். உழுகிறவள் மகளாக இருக்கலாம், ஆளுகிறவள் மகளாக இருக்கலாம், பிறை ஒன்றானால் தோழிதான். ஆடியில் புதுவெள்ளம் வரும் நாளில் அவர்கள் படித்துறையில் கூடுவார்கள். பின்னலை அவிழ்ப்பார்கள். ஒருத்திக்கு ஒருத்தி தலைவாரிவிட்டு, விரித்த கூந்தலோடு ஆற்றில் இறங்குவார்கள். முடிந்த கூந்தலோடு இறங்கினால் ஆறும் தன்னை முடிந்துகொண்டுவிடும் என்பது ஊரார் நம்பிக்கை.

கோமளவல்லி போன ஆடியில் படித்துறைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அதற்கு முந்தின ஆடியில் கால் வலி. அந்த இரண்டு வருடமும் ஆற்றில் தண்ணீர் குறைந்துபோனது. இந்த ஆடியிலும் அரசி வராவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்று அவளுக்குத் தெரியும். வந்து கூந்தலை அவிழ்த்தால் என்ன சொல்லும் என்பதை இப்போது முல்லைப் பந்தல் சொல்லிவிட்டது.

அவள் அறைக்குப் போய்க் கண்ணாடியை எடுத்தாள். வகிடு அகன்றுதான் இருந்தது. கண்ணோரம் கோடுகள். கன்னத்தில் பழைய மினுக்கு இல்லை.

“ஆவுடை, எனக்கு என்னடி ஆயிற்று? தலையில் ஒரு நரைகூட இல்லை. ஆனாலும் முடி எங்கே போகிறது?”

ஆவுடைதான் அரசிக்குத் தலைவாரிவிடுகிறவள். சிறு பெண்ணாக அரசியின் பிறந்த வீட்டிலிருந்து கூடவே வந்தவள். அவள் சீப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“சிக்கும்மா. எல்லாம் சிக்குதான்.”

அரசி அரசனிடம் போனாள். “என் முகத்தைப் பாருங்கள். ஏதாவது மாறியிருக்கிறதா?”

அரசன் அப்போது யானையின் கால் புண்ணைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தான். “வேப்பெண்ணெய் போடச் சொல்லியிருக்கிறேன்” என்றான்.

ஆகவே அரசி வைத்தியர்களை அழைத்தாள்.

முதல் வைத்தியர் வந்தார். “வெயில்தான் பகை” என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. ஆனால் அரசி பயந்திருந்தாள். பயந்தவர்கள் எதையும் பாதியாகச் செய்வதில்லை. சன்னல்களை எல்லாம் அடைக்கச் சொன்னாள். நடப்பதை விட்டாள். பகலெல்லாம் இருட்டில் கிடந்ததால் இரவில் தூக்கம் பிடிக்கவில்லை. கண்ணுக்குக் கீழே கருமை வந்து உட்கார்ந்தது.

இரண்டாம் வைத்தியர் வந்தார். கருமையைப் போக்க ஏதோ உலோகத்தைச் சுட்டு அரைத்த ஒரு வெள்ளைப் பூச்சைத் தந்தார். பூசிய அன்று முகம் முத்துப்போல இருந்தது. சில நாளில் முத்து உரிந்து, அடியில் சிவந்த புண் தெரிந்தது.

மூன்றாம் வைத்தியர் வந்தார். “உணவில்தான் சூடு ஏறுகிறது, பாலும் தேனும் போதும்” என்றார். அரசி சோற்றை விட்டாள், பருப்பை விட்டாள், கீரையை விட்டாள். முடி முன்னைவிட வேகமாகக் கொட்டியது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது.

அப்போதுதான் அவளுக்குப் பிறைத்தோழிகளின் நினைவு வந்தது. அவர்களுக்கும் இதே வயதுதானே? அவர்கள் என்ன செய்கிறார்கள்? ஒவ்வொருத்தியாக அழைத்துவரச் சொன்னாள்.

முதலில் குயவர் வீட்டுப் பேச்சி வந்தாள். அவள் பற்கள் காவியேறி, முகம் மங்கி, குரல் கரகரத்திருந்தது.

“சூளைப் புகைம்மா” என்றாள் பேச்சி. “ராத்திரி சூளை எரியும்போது தூக்கம் வராம இருக்கப் புகையிலை போட்டுப் பழகிட்டேன். இப்ப சூளை எரியாத ராத்திரியும் அது கேக்குது. என்கிட்ட ரகசியம் கேக்குறீங்களே, நல்லா இருக்கு! நான் செங்கமலத்துகிட்ட கேக்கலாம்னு இருந்தேன். கன்னத்தப் பாத்தீங்களா அவளுக்கு? பச்சை மண்ணு மாதிரி வழவழன்னு.”

அடுத்து நெசவுக்காரர் வீட்டுச் செங்கமலம் வந்தாள். நிழலில் தறி போட்டுப் பிழைப்பவள். அவள் கன்னத்தில் ஒரு கோடில்லை. தலையோ வெளுத்த பஞ்சுபோல முழுக்க நரைத்திருந்தது.

“எங்கம்மாவுக்கும் இப்படித்தான்” என்றாள் செங்கமலம். “எனக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடியே அவங்களுக்கு முழுக்க நரைச்சாச்சு. பூசாத எண்ணெய் இல்ல. உங்களுக்கு ஒரு நரைகூட இல்லையே, அரசியம்மா! காத்தாயிக்கும் இல்ல. அவகிட்டதான் கேக்கணும்.”

கடைசியில் காத்தாயி வந்தாள். நாற்று நடுகிறவள். கறுத்து அடர்ந்த கூந்தல், கொண்டையில் அடங்காமல் பிதுங்கியது. முகத்திலோ வெடித்த வயல்போலக் கோடுகள்.

“நிழலுக்கு ஒரு துணிகூடத் தலையில போட்டுக்க மாட்டேன், அப்ப வீம்பு” என்று சிரித்தாள் காத்தாயி. “வெயில் சும்மா விடுமா? இந்தச் செங்கமலத்தப் பாத்தா வயிறு எரியுது.”

அரசியும் சிரித்துவிட்டாள். சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. ஒரே பிறை, ஒரே வயது. ஆனால் ஒருத்தி முகத்தில் வெயில், ஒருத்தி குரலில் புகை, ஒருத்தி தலையில் தாய்வழிச் சொத்து.

“என் தலையைப் பாரேன், காத்தாயி” என்று குனிந்து காட்டினாள்.

காத்தாயி வகிட்டில் விரல் வைத்துப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள்.

“கொட்டின முடின்னா இங்கயும் அங்கயுமா மெலிஞ்சிருக்கும். இது அப்படி இல்லம்மா. யாரோ நாத்துப் பிடுங்கின மாதிரி இருக்கு.”

காத்தாயி போன பிறகு அரசி அடைத்த அறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். சன்னலின் மேல் இடுக்கில் ஒரு குருவி கூடு கட்டியிருந்தது. இருட்டில் கிடந்த நாளெல்லாம் அவளுக்கு அதுதான் வேடிக்கை. வைக்கோல், தேங்காய் நார், நூல். நாருக்கு நடுவே ஏதோ மினுமினுக்கும். பட்டு இழை என்றே அவள் நினைத்திருந்தாள்.

இன்று எழுந்து முக்காலியை இழுத்துப் போட்டு ஏறிப் பார்த்தாள். பட்டு இல்லை. முடி. வெள்ளை முடி. இடுப்பு வரை வரும் நீளம்.

செங்கமலத்தின் முடி தோளைத் தாண்டாது. இந்தக் கோட்டைக்குள் இவ்வளவு நீளமான முடி உள்ள தலை ஒன்றே ஒன்றுதான், அவளுடையது. அந்தத் தலையில் நரையே கிடையாது.

அரசி முக்காலியிலிருந்து இறங்கினாள். யாரையும் கூப்பிடவில்லை. கோபமாகக் கேட்டால் பயந்த வாய் பொய்தான் சொல்லும் என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் காலை, ஆவுடை வருவதற்கு முன், ஒரு வெள்ளைப் பட்டு இழையை எடுத்துத் தன் வகிட்டோரம் ஒரு முடியோடு சேர்த்து முடிந்துவைத்தாள். பிறகு ஒன்றும் தெரியாதவள்போல மணையில் உட்கார்ந்தாள்.

ஆவுடை வாரத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் வகிட்டில் சுருக்கென்றது.

“சிக்கும்மா” என்றாள் ஆவுடை.

“சிக்கா?”

“ஆமாம்மா.”

அரசி தலையைத் தடவிப் பார்த்தாள். இழை இல்லை. திரும்பி, “கையை விரி” என்றாள்.

ஆவுடை விரிக்கவில்லை. அரசியே அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உள்ளங்கையில் மூன்று வெள்ளை முடி. அவற்றோடு ஒரு கறுப்பு முடியும், அதில் முடிந்த பட்டு இழையும்.

“எத்தனை காலமாகச் செய்கிறாய்?”

“முதல் நரை வந்ததிலிருந்து.”

“குருவிக் கூட்டில் என் முடி கிடக்கிறது. பிடுங்கியதைச் சுவர் இடுக்கில்தான் செருகுகிறாயா?”

“ஆமாம்மா. குருவி எடுத்துப் போறது எனக்குத் தெரியாது.”

“ஏன் ஆவுடை? என் முடியைப் பிடுங்க உனக்கு யார் சொன்னது?”

ஆவுடை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் இருந்தது பயம் மட்டும் இல்லை. ஆச்சரியமும் இருந்தது.

“நீங்கதாம்மா சொன்னீங்க.”

“நானா?”

“சின்ன இளவரசிக்குக் காது குத்தின அன்னிக்கு. கண்ணாடியில ஒரு நரையைப் பாத்துட்டு, ‘இனிமேல் என் தலையில் ஒரு வெள்ளை முடி தெரிந்தால், அன்றைக்கே நீ கோட்டையை விட்டுப் போகலாம்’னு சொன்னீங்க. எனக்குப் போக வேற ஊர் இல்லம்மா. முதல்ல ஒண்ணு, ரெண்டுதான் வந்துச்சு. இப்ப நிறைய வருது. பிடுங்கப் பிடுங்க வகிடு அகலுது. வகிட்டப் பாத்தாலும் பயம், நரையப் பாத்தாலும் பயம். நான் என்னதாம்மா செய்யட்டும்?”

கோமளவல்லி யோசித்துப் பார்த்தாள். காது குத்திய நாள் நினைவிருந்தது. மகள் அழுதது நினைவிருந்தது. விருந்தில் வைத்த பணியாரம்கூட நினைவிருந்தது. தான் சொன்ன அந்தச் சொல் மட்டும் நினைவில் இல்லை. சொன்னவள் அன்றே மறந்துவிட்டாள். கேட்டவள் ஒவ்வொரு காலையும் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

அரசி எழுந்து போய்ச் சன்னலைத் திறந்தாள்.

“நீ எங்கேயும் போக வேண்டாம். அந்தச் சொல்லை நான் திரும்ப எடுத்துக்கொண்டேன். வலித்ததற்கு மட்டும் நாளைக்கு நல்லெண்ணெய் வைத்துக் கொஞ்சம் அழுத்தித் தேய்த்துவிடு.”

அன்றே வெள்ளைப் பூச்சு குப்பைக்குப் போனது. பாலும் தேனும் குழந்தைகளுக்குப் போயின. அரசி கீரையும் சோறும் சாப்பிட்டாள். இளவெயிலில் தோட்டத்தைச் சுற்றினாள். உச்சிவெயில் ஏறியதும் நிழலுக்கு வந்தாள். இரவில் தூங்கினாள்.

எல்லாம் திரும்பி வந்தது என்று நான் சொன்னால் அது பொய்யாகிவிடும். கண்ணுக்குக் கீழிருந்த கருமை போனது. புண் ஆறியது. கன்னத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. கண்ணோரக் கோடுகள் போகவில்லை. வகிட்டோரம் குட்டி முடிகள் முளைத்தன. அவற்றில் பாதி வெள்ளை. சில இடத்தில் முளைக்கவே இல்லை.

ஆடி வந்தது. ஆற்றில் புதுவெள்ளம் நுரைத்துக்கொண்டு வந்தது.

படித்துறை நிறையப் பெண்கள். பேச்சி இருந்தாள், செங்கமலம் இருந்தாள், காத்தாயி இருந்தாள். மேல்படியில் வேடிக்கை பார்க்க நின்ற கூட்டத்தில் கோட்டையில் பாத்திரம் தேய்க்கும் வெள்ளச்சியும் இருந்தாள். அரசி பல்லக்கிலிருந்து இறங்கியதும் பேச்சு அடங்கியது.

கோமளவல்லி பின்னலை அவிழ்த்தாள்.

கறுப்புக்கு நடுவே வெள்ளி ஓடியது. வகிட்டில் குட்டி முடிகள் கோழிக்குஞ்சின் தலைபோலச் சிலிர்த்து நின்றன.

அரசி மேல்படியைப் பார்த்தாள். அந்தக் குரலை அவள் மறக்கவில்லை. கோட்டையில் தினமும் கேட்பதுதானே?

“என்ன வெள்ளச்சி? தேர் இன்னும் ஓடுமா?”

வெள்ளச்சிக்கு முகம் வெளுத்தது. ஆனால் அவள் நாக்கு அவளையே முந்திக்கொள்ளும் நாக்கு.

“எங்கேம்மா ஓடும்? வழியெல்லாம் புல்லு முளைச்சிருக்கே!”

முதலில் சிரித்தவள் காத்தாயி. பிறகு அரசி. பிறகு படித்துறை முழுக்கச் சிரித்தது. பெண்கள் ஒவ்வொருத்தியாகப் பின்னலை அவிழ்த்தார்கள். செங்கமலத்தின் பஞ்சுத் தலையைப் பேச்சி வாரினாள். பேச்சியின் தலையைக் காத்தாயி வாரினாள். அரசி சீப்பை எடுத்து, பின்னால் ஒதுங்கி நின்ற ஆவுடையின் கையில் கொடுத்துவிட்டு, அவள் முன் படியில் உட்கார்ந்தாள்.

கேட்டுக்கொண்டிருப்பவர்களே, கதை சொல்லும் நீதி இதுதான்: வயது கொண்டுபோவதை யாராலும் பிடித்துவைக்க முடியாது, பயத்தால் நாமே பிடுங்கி எறிவதைத்தான் நிறுத்த முடியும்.

ஆவுடை வாரி முடித்தாள். கோமளவல்லி சீப்பில் சிக்கியிருந்த வெள்ளை முடியை விரலில் சுருட்டி எடுத்தாள். குருவிக்கு எட்டும் இடமாகப் பார்த்துப் படித்துறைச் சுவரின் கல் இடுக்கில் அதைச் செருகிவிட்டு, ஆவுடையின் கையைப் பிடித்துக்கொண்டு ஆற்றில் இறங்கினாள்.