தொட்டியின் உயரம்

ஆசிரமத்து முதியோர் இல்லத்துக்குத் தண்ணீர்த் தொட்டி வந்து சேர்ந்தது. சாதாரண லாரியில் அடங்காத தொட்டி. நீண்ட டிரெய்லரில் ஏற்றி, முன்னால் சிவப்புக் கொடி கட்டிய ஜீப் வழிகாட்ட, பகலில் மட்டும் ஓட்டிக் கொண்டுவந்தார்கள். கோடை நடுவில், சொன்ன நாளைத் தாண்டித்தான் வந்தது.

கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கு மறுநாள் விருந்து. யாரையெல்லாம் அழைத்தாயிற்று என்று சீடர் திருமேனி குருவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"டிரைவர் அந்தோணிசாமி, மின்வாரிய ஆளுங்க, கடைப் பந்தலைப் பிரிச்சு வழிவிட்ட பழக்காரம்மா..."

"ஜீப்புல முன்னால வந்தாரே, மீரான்?"

திருமேனி முகம் சுளித்தார். "அவரா? நடுவழியில நிறுத்தி வெச்சவரு சாமி. இங்க வயசானவங்க குடம் தூக்கிக்கிட்டு அலையறாங்க, அவரு அங்க டேப்பைப் பிடிச்சு அளந்துகிட்டு நிக்கிறாரு. தடுத்தவருக்கும் விருந்தா?"

"ஏன் நிறுத்தினார்?"

"அனுமதிக் கடிதத்துல இருந்த உயரமும் வண்டி உயரமும் ஒத்துவரலையாம்."

"உயரம் எழுதிக் கொடுத்தது யாரு?"

"நான்தான். தொட்டியை அளந்தேன். கீழே இருக்கிற டிரெய்லரைச் சேர்க்க விட்டுப்போச்சு."

"தொட்டி நடந்து வரும்னு நெனச்சியாக்கும்."

திருமேனிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அதுக்காக இப்படியா சாமி? மெதுவா போயிடலாம்னு கெஞ்சிப் பார்த்தேன். 'நீங்க எவ்வளவு வேணா திட்டுங்கண்ணே, வண்டி நகராது'ன்னுட்டாரு. புது அனுமதி வந்து, அடுத்த ஊர்ல கரண்டை நிறுத்தி, கம்பியைத் தூக்கிப் பிடிச்ச பிறகுதான் விட்டாரு."

"தூக்காம இருந்தா?"

"தொட்டியில பட்டிருக்கும்."

"வண்டியை நிறுத்தினப்போ தொட்டி மேல யாராச்சும் இருந்தாங்களா?"

திருமேனி தோளிலிருந்த துண்டை எடுத்து மடித்துக் கீழே வைத்தார்.

"மரக்கிளையை விலக்க ஒரு ஆள் ஏறியிருந்தார் சாமி. மீரான் பார்த்துட்டு, 'முதல்ல கீழே இறங்குங்க'ன்னு சத்தம் போட்டாரு."

"யாரு அந்த ஆள்?"

"நான்தான்."

சமையற்கட்டில் யாரோ தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள். திருமேனி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"என்ன சொல்லி அவரைக் கூப்பிடறது சாமி?"

"உன் ரெண்டு கால்ல நடந்து போய் அவர் முன்னால நில்லு. அது போதும்."